ஒப்பிட ஒரு கால்

“கால்ல இன்னா கொயந்தையா கீது, ஸ்கேன் எடுக்க?” ஆவடியில் புதிதாக வந்திருந்த ஸ்கேன் சென்டரில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சிரித்தார் பாஸ்கல்.

பக்கத்தில் அவர் மனைவி ஹில்டா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மாதமாகப் பாதம் எரிகிறது, சர்க்கரை வந்துவிட்டது என்கிறாள். அன்று முதல் கேழ்வரகுக் கூழும் வெறும் காபியும்தான். அவளைக் கேலி செய்வது பாஸ்கலுக்கு நல்ல பொழுதுபோக்கு.

“என்னப் பாரு. முப்பத்தஞ்சு வருசம் அம்பத்தூர்ல லேத்துல நின்னேன். ஒரு நாளு டாக்டர் ஊட்டு வாசல மெறிச்சிருப்பனா?”

உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தவரைப் பார்த்து, “இந்தச் செருப்பும் போச்சாங்க?” என்றாள் ஹில்டா. அவருடைய வலது காலில் செருப்பு இல்லை. திருநின்றவூரில் ரயில் ஏறும்போதே கழன்றிருக்க வேண்டும்.

“எவனோ கூட்டத்துல மெறிச்சி உட்டுட்டான்!”

டாக்டர் கஜபதி விளக்கினார். “சக்கரையால நரம்பு வீங்கியிருக்கான்னு ஸ்கேன்ல பாக்கறது இப்பதாம்மா வந்திருக்கு. ஒப்பிட்டுப் பாக்க, சக்கரை இல்லாத ஒருத்தர் காலும் வேணுமே.”

“தோ கீது!” பாஸ்கல் வேட்டியை மடித்துக்கொண்டு தாமே கட்டிலில் ஏறிப் படுத்தார். “இரும்பு டாக்டர், இரும்பு!”

கணுக்காலில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து நகர்த்தினார் டாக்டர். திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“ஜில்லுன்னு இருக்கா சார்?”

“எது?”

டாக்டர் நர்ஸுக்குச் சைகை காட்டினார். நர்ஸ் வந்து விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப்போனாள்.

டாக்டர் அதன் அளவைப் பார்த்தார். “சக்கரை முந்நூத்தி நாப்பது. நரம்பும் நல்லா வீங்கியிருக்கு. நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலே போயிருக்கும்.”

பாஸ்கல் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். மெல்ல இறங்கி மனைவியின் கையைப் பிடித்தார்.

“ரெண்டு பேருக்குமே வந்துகினு கீதே, ஹில்டா. என்ன உடு. மொதல்ல நீ ஏறிப் படு.”

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினை அணைத்தார்.

ஹில்டா பையிலிருந்து ஒரு மைசூர்பாகை எடுத்து, ஆற அமர வாயில் போட்டுக்கொண்டாள்.

“எனக்கு ஏதுங்க சக்கரை?”