நான்கு விரல் தடம்

ஓடுவதை நிறுத்தினால் விழுந்துவிடுவோம் என்று நடுவருக்குத் தோன்றியது.

கல்லூரிப் பெண்களுக்கான கூடைப்பந்து இறுதிப்போட்டி. கடைசி நிமிடம். சிவப்பு அணி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது.

கூட இருந்த இன்னொரு நடுவர், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதால் இடைவேளையிலேயே ஐஸ் பையோடு உட்கார்ந்துவிட்டார். தனியாகச் சமாளித்துவிடுவேன் என்று மார்தட்டியது இவர்தான். வாரம் முழுக்க வங்கியில் நாற்காலியைத் தேய்ப்பவர்.

இப்போது ஆடுகளத்தின் இரண்டு முனைகளும் அவருக்கு மட்டும் தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன.

"சார், ஒரு வண்டி பிடிச்சு வாங்க சார்!" கேலரியிலிருந்து ஒரு குரல். சுற்றிலும் சிரிப்பு.

அவருக்கும் சிரிக்க ஆசைதான். அதற்கும் மூச்சு வேண்டுமே.

நீல அணி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு அணிப் பெண்கள் முட்டியில் கையூன்றி நிற்கும்போதெல்லாம், இவர்கள் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டார்கள். உயரமானவள் என்று சொல்ல அவர்களில் ஒருத்திகூட இல்லை. அவர்கள் கல்லூரி இந்தக் கோப்பையைத் தொட்டதே கிடையாது. நுரையீரல் ஒன்றுதான் அவர்கள் சொத்து.

காலை நடைக்கு வரும்போது நடுவர் அவர்களைப் பார்த்திருக்கிறார். ஒருத்தியை ஒருத்தி முதுகில் சுமந்துகொண்டு அரங்கத்தின் படிகளில் ஏறுவார்கள். தோழிகள் 'எறும்பு' என்று கூப்பிடும் குட்டைப் பெண், தன்னைவிடப் பெரியவளைத் தூக்கிக்கொண்டு முதலில் உச்சிக்குப் போவாள்.

நாமும் நாளையிலிருந்து ஓட வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்.

"விசில் ஊதுறதுக்கு எதுக்குங்க ஓடணும்?" என்பாள் மனைவி.

சிவப்பு அணியின் தளர்ந்த கையிலிருந்து பந்து நழுவியது. எறும்பு பறித்துக்கொண்டாள்.

முன்னால் வெறும் தரை. கூடையடியில் மட்டும் ஒரு சிவப்புச் சட்டை.

இதற்காகத்தான் அத்தனை படிகளும்.

நடுவர் பின்னால் ஓடினார். விலாவில் ஊசி இறங்கியது. கண் மட்டும் களைக்கவே இல்லை. அவள் எழும்பினாள். சிவப்புச் சட்டைக்காரியின் கை இறங்கி அவள் மணிக்கட்டில் அறைந்தது. பந்து எங்கோ போனது.

விசில் ஒலிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததென்று ஹாரன் அலறியது.

சிவப்பு அணியின் பயிற்சியாளர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். "கடைசி நேரத்துல விசிலை அடக்கி வச்சீங்க பாருங்க சார், அதுக்கு ஒரு தில் வேணும்!"

அடக்கவில்லை. கை பட்ட அந்த நொடியே, பல்லிடுக்கில் இருந்த விசிலை அவர் ஊதினார். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஊதினார். உள்ளே காற்று இல்லை. உயர்த்த வேண்டிய கை விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மூச்சு கொஞ்சம் திரும்பியதும் மறுபடி ஊதினார். இந்த முறை ஒலித்தது. ஆட்டம் முடிந்ததைத்தான் அறிவிக்கிறார் என்று நினைத்து, சிவப்புக் கூட்டம் கேலரியிலிருந்து குதித்து ஓடிவந்தது.

ஃபவுல். ஒரே ஒரு சொல். சொன்னால் எறும்புக்குக் கூடையில் போட இரண்டு வாய்ப்பு கிடைக்கும். அதைச் சொல்ல வாயைத் திறந்தபடி, புள்ளி குறிப்பவர்களின் மேசைப் பக்கம் ஓரடி வைத்தார். முழங்கால் மடங்கியது.

யாரோ தோளைத் தாங்கி உட்கார வைத்தார்கள்.

எறும்பு. கண்கள் கலங்கியிருந்தன. மூச்சு சீராக இருந்தது.

அவளிடமாவது சொல்லிவிடப் பார்த்தார். உதடுகள்தான் அசைந்தன.

"பேசாதீங்க சார். ரெண்டு கையையும் தலை மேல வைங்க. மூச்சு தானா வரும், எங்க கோச் சொல்லிக் குடுத்தது."

வைத்தார், பிடிபட்டவரைப் போல.

அவள் தண்ணீர்ப் பாட்டிலை அவர் வாயருகே பிடித்தாள். அந்த மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் சிவந்து கிடந்தது.

இன்னொரு கையால் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே, "மெதுவா சார், மெதுவா" என்றாள்.