இடதுபக்கப் பின்கதவு

ஏரியிலிருந்து தூக்கி மூன்று வாரமாகியும் காரின் இருக்கைகளில் ஈரம் போகவில்லை. “இந்த வண்டி இனி ஓடாது அண்ணாச்சி,” என்றான் மெக்கானிக் தேவசகாயம்.

“ஓட வேண்டாம்டே. பின்கதவு உள்ள இருந்து தெறக்கணும். அதை மட்டும் சரி பண்ணு,” என்றார் நல்லசிவம். ஓட்டிக்கொண்டிருந்த அவர் முன்கதவு வழியாக நீந்தி வந்துவிட்டார். பின்னால் இருந்த அவர் மனைவி வரவில்லை.

தேவசகாயம் வெளியிலிருந்து இழுத்ததும் கதவு சுலபமாகத் திறந்தது. அதன் ஓரத்தில், பிள்ளைகள் உள்ளிருந்து திறந்துவிடாமல் இருக்க வைத்திருக்கும் சின்னப் பூட்டு கீழே இறங்கியிருந்தது. சர்வீஸுக்கு வரும் எல்லா வண்டியிலும் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு எடுப்பது அவன் வழக்கம். ஏரியில் விழுவதற்கு முன் சர்வீஸுக்கு வந்தபோது இந்த வண்டியில் போட்டது நினைவிருந்தது. எடுத்தது நினைவில் இல்லை. முதுகால் மறைத்துக்கொண்டு பூட்டை மேலே தள்ளினான். பிறகு ஒரு மணி நேரம் கதவின் உள்பக்கத்தைக் கழற்றி மாட்டினான்.

“உள்ள ஒரு கம்பி கழண்டு கெடந்துச்சு அண்ணாச்சி.”

“அப்படியா,” என்றார் நல்லசிவம். “நீ உள்ள ஏறி உக்காரு. நான் பாக்கேன்.”

அவள் இருந்த இடத்தில் தேவசகாயம் உட்கார்ந்தான். ஈரம் வேட்டியில் ஏறியது. கதவை மூடுமுன் அவருடைய கட்டைவிரல், தேடாமலே, அதன் ஓரத்திலிருந்த பூட்டுக்குப் போனது. டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. கதவு மூடியது.

கண்ணாடிக்கு வெளியே குனிந்து அவர் சொன்னார்: “இப்பத் தெறடே.”