பறக்கும் தட்டின் சாவி

நாற்பத்தொரு நாள் பைக் ஓட்டி அவன் மலையுச்சிக்கு வந்தால், கதவில் பூட்டு. சோசலிசக் காலத்து நினைவுச்சின்னம், கான்கிரீட்டில் செய்த பறக்கும் தட்டு போல உட்கார்ந்திருந்தது. உள்ளே விட முடியாது என்று காவலாளி கையை ஆட்டினார்.

"பாஸ்போர்ட்டை நீட்டுங்க. கட்சி வெறியில உங்கப்பா வச்ச பேருக்கு இன்னைக்குத்தான் வேலை வந்திருக்கு," என்றாள் மனைவி செங்கமலம்.

பள்ளிக்கூடத்தில் 'ராக்கெட்டு' என்று கேலி வாங்கித் தந்த, முதல் விண்வெளி வீரரின் பெயர் அது. காவலாளி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ககாரின்?"

"ககாரினேதான். மன்னார்குடி!" என்றான் அவன்.

காவலாளி சாவியைப் பூட்டில் நுழைத்தார், திருப்பவில்லை. பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினார். மூன்றாவது விரல் மடங்கும்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கழற்றிய ஹெல்மெட்டை அவசரமாக மறுபடி மாட்டிக்கொண்டான்.