கசப்பான அனுபவம் இல்லாதவர்

"பீக்கன் கிரோவ் மாலுக்குப் போன இடத்துல ஏதாவது கசப்பான அனுபவம் பட்டவங்க இருக்கீங்களா? இருந்தா கையைத் தூக்குங்க."

கேட்டவர் வக்கீல் பிரெஸ்காட், மால் முதலாளியின் தரப்பு. ஜார்ஜியாவின் அந்தச் சின்ன நீதிமன்றத்தில் காலையிலிருந்து, வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்குப் பன்னிரண்டு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அழைப்பு அனுப்பி வரவழைத்த ஊர்க்காரர்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றிரண்டு கைகள் எழும் என்று பிரெஸ்காட் நினைத்திருக்க வேண்டும். பாதி மண்டபம் கையைத் தூக்கியது. வலது கையில் மாவுக்கட்டோடு வந்திருந்த ஒருவர் இடது கையைத் தூக்கினார்.

பிரெஸ்காட் அசரவில்லை. என்ன அனுபவம் என்று யாரையும் கேட்கவும் இல்லை. மனக்கசப்பு உள்ளவர்களால் நடுநிலையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று நீதிபதியம்மாவைக் கேட்டுக்கொண்டார். அவரும் சம்மதித்தார்.

கை தூக்கியவர்கள் வரிசையாக வெளியேறுவதை வெர்டெல் ஹைட்டவர் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்குப் போட்டவள் அவள்தான். போன வசந்தத்தில், விளக்கு எரியாத அந்த மாலின் கார் நிறுத்துமிடத்தில், ஒருவன் முகத்துக்கு முகம் வந்து நின்று அவள் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. பையோடு அவள் கணவரின் மூக்குக்கண்ணாடியும் போயிற்று. அவரை அடக்கம் செய்த நாளிலிருந்து எங்கே போனாலும் அதை எடுத்துக்கொண்டுதான் போவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

"எனக்கு வேண்டிய ஜனமெல்லாம் வாசல் வழியா போகுதே, தம்பி" என்றாள் பக்கத்தில் இருந்த தன் வக்கீல் லனியரிடம்.

"சட்டம் அப்படி, மிஸ் வெர்டெல். அங்க அடிபட்டவங்க இங்க ஜூரியா உட்கார முடியாது." எங்கள் பக்கத்தில் கல்யாணமான வயசான அம்மாக்களும் மரியாதைக்கு "மிஸ்"தான்.

"சாட்சியாவாவது உட்கார வையேன்."

சாட்சிப் பட்டியலைப் போன மாதமே மூடிவிட்டார்கள், இனி ஒரு பெயர்கூடச் சேர்க்க நீதிபதி விடமாட்டார் என்றான் லனியர்.

வழக்கே ஒரே ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இதற்கு முன் இங்கே இப்படி எதுவும் நடந்ததே இல்லை, நடக்கும் என்று நான் கனவா கண்டேன் என்று முதலாளி சாதித்தார். ஜூரி அதை நம்பிவிட்டால் அவர்மேல் தப்பில்லை. வெர்டெல் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். அவளுக்கு முன் போலீசிடம் ஒரு புகார்கூட இல்லை என்பது உண்மை. யாராவது பையைப் பறிகொடுத்தால் மால் அலுவலகத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். தோளைத் தட்டி ஆறுதல் சொல்வார்கள். பிறகு பட்டை மணக்கும் பெரிய பன் ஒன்றுக்கு இலவசக் கூப்பனைக் கையில் திணிப்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் கொடுத்ததைத் தின்றுவிட்டு அவர்மேல் புகார் கொடுப்பது மரியாதை இல்லை. வெர்டெலுக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே கூப்பனை அனுப்பியிருந்தார்கள். அவளுக்குச் சர்க்கரை வியாதி. அதனால்தான் வழக்கு நீதிமன்றம்வரை வந்தது.

மதியத்துக்குள் பதினொரு பேர் தேறிவிட்டார்கள். அவர்களில் யாரும் அந்த மாலுக்குள் கால் வைத்ததே இல்லை. கடைசி இடத்துக்குப் பின்வரிசையிலிருந்து ஹோலிஸ் என்பவரைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, ஒட்ட வெட்டிய தலைமுடி. பெஞ்சைக் கடக்கும்போது கால் நீட்டியிருந்த கிழவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

உங்கள்மேல் எப்போதாவது வழக்கு உண்டா என்று நீதிபதியம்மா விசாரித்தார். இல்லை என்றார் ஹோலிஸ். மாலுக்குப் போனதுண்டா என்றார் பிரெஸ்காட்.

"தினம் சாயங்காலம் அங்கதான் சார் இருப்பேன். கார் நிறுத்துற இடத்துல ஒரு சுத்து வந்தாத்தான் எனக்குப் பொழுதே போகும்."

பிரெஸ்காட்டின் முகம் மலர்ந்தது. "பயமா இருக்காதா?"

"பயமா? ரொம்ப அமைதியான இடம் சார். வருஷக்கணக்கா போறேன், ஒருத்தர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"காவலாளி இருக்காரா?"

"இருக்காரே. தங்கமான மனுஷன். பன் கடையை விட்டு நகரவே மாட்டாரு."

பிரெஸ்காட் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்படி ஒருவரைத் தேடி அலைந்தாலும் கிடைக்காது என்ற திருப்தியோடு உட்கார்ந்தார். முன்வரிசையில் இருந்த மால் முதலாளி ஹோலிஸைப் பார்த்துப் புன்னகை செய்தார். ஹோலிஸும் மரியாதையாகத் தலையசைத்தார்.

லனியருக்கு வியர்த்துவிட்டது. இந்த ஆள் ஜூரி அறைக்குள் போய் நாலு வார்த்தை பேசினால் மற்ற பதினொரு பேரும் மாலின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். வெர்டெல் ஹோலிஸையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மனசு விட்டுப் போயிற்று என்று நினைத்துக்கொண்டான்.

"கவலைப்படாதீங்க மிஸ் வெர்டெல்" என்று கிசுகிசுத்தான். "காரணம் சொல்லாம ஒருத்தரை நீக்க எனக்கு இன்னும் ஒரு வாய்ப்பு பாக்கி இருக்கு. இந்த ஆளைத் தூக்கிடறேன்."

எழப்போனவனின் கோட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள் வெர்டெல்.

"உட்காரு தம்பி, அவன் இருக்கட்டும். என் பையைப் பிடுங்கிட்டு ஓடினவன் அவன்தான். அங்க காவலே கிடையாதுங்கறது அவனைவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"