ஆளுக்கு ஒரு கிளாஸ்

கொண்டாப்பூர் ஃப்ளாட்டின் கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே நுழைந்த அலமு அப்படியே நின்றுவிட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் அவளுடைய அண்ணன் சிவஞானம். எதிரில் அவர் மருமகள் அஸ்வினி. நடுவில் ஒரு ரெட் ஒயின் பாட்டில். இரண்டு பேர் கையிலும் கிளாஸ்.

"வா அலமு. என்ன, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே?"

"சொல்லிட்டு வந்திருந்தா இந்தக் கண்றாவியைப் பாத்திருக்க முடியுமா?"

அஸ்வினி பதறி எழுந்தாள். "வாங்கம்மா. காபி போடட்டுமா?"

"நக்கோ. எனக்கு ஒண்ணும் வேணாம்."

சிவஞானம் அசரவில்லை.

"அளவோட குடிச்சா ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லதாம். டாக்டர் சொல்லியிருக்கார். ராத்திரி ஒரே ஒரு கிளாஸ். அதுவும் இது ஆர்கானிக். பூச்சிமருந்து அடிக்காத திராட்சை."

பாட்டிலைத் திருப்பி லேபிளைக் காட்டினார்.

"மாதாப்பூர்ல ஒரு கடையிலதான் கிடைக்குது. நானே போய் வாங்கிட்டு வருவேன். வேற எந்த பாட்டிலையும் வீட்டுக்குள்ள விடறதில்ல."

"வேலைல இருந்த காலத்துல எத்தனை பார்ட்டி! எல்லாத்துலயும் சோடா குடிச்சிட்டு வந்த மனுஷன்தானே நீ? அண்ணி போனப்பகூடத் தொடல. ரிட்டயர் ஆகி மகன் வீட்டுக்கு வந்ததும் ஆர்கானிக் கேக்குதோ?"

"வயசாச்சில்ல? உடம்பைப் பாத்துக்க வேணாமா?"

"பிரசாத் எங்கே?"

"ஆபீஸ்ல. அமெரிக்காக்காரங்களோட மீட்டிங். லேட்டாகும்."

"நல்லாயிருக்கு. புருஷன் அங்கே வேலையில மாட்டிக்கிட்டிருக்கான். பொண்டாட்டி இங்கே மாமனாரோட உக்காந்து..."

அலமு முடிக்கவில்லை. அஸ்வினியின் முகம் சுண்டிப்போனது. நல்லவேளையாக அவளுக்கு போன் வந்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அலமு அண்ணனிடம் பாய்ந்தாள்.

"இந்த வயசுல உன்னைக் கெடுத்து வச்சிருக்கா. அந்த டாக்டர் யாரு? பேரைச் சொல்லு, நானே போய்க் கேக்கறேன்."

"அப்படி ஒரு டாக்டரே கிடையாது அலமு."

"என்னது?"

"நான் பாக்கற டாக்டர் ஒரு சொட்டுகூட வேணாம்னுதான் சொன்னார். எனக்கும் பிடிக்கல. புளிச்ச கஷாயம் மாதிரி இருக்கு."

"அப்புறம் கைக்கு அண்ணா, எதுக்கு இந்த வேஷம்?"

சிவஞானம் பால்கனிப் பக்கம் பார்த்தார். அஸ்வினி முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"இது உன்னோட இருக்கட்டும். வயித்துல இருந்த குழந்தை தங்காமப் போச்சில்ல? அதுலேர்ந்து அவ ரூமுக்குள்ள தனியா உக்காந்து குடிக்க ஆரம்பிச்சுட்டா. பிரசாத்துக்குக்கூடத் தெரியாது. ஒருநாள் நான் பாத்துட்டேன்."

அலமு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"திட்டியிருக்கலாமே?"

"திட்டினா இன்னும் ஒளிச்சுக் குடிப்பா. அதான், 'டாக்டர் ஒயின் குடிக்கச் சொல்லிட்டார், தனியா குடிக்கக் கஷ்டமா இருக்கு, நீ துணைக்கு வாம்மா'ன்னு கூப்பிட்டேன். நான் ஒரு கிளாஸோட எழுந்திருப்பேன். அவளும் எழுந்திருக்கணுமே! ஆர்கானிக்தான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சேன். மத்த பாட்டிலெல்லாம் போயிடுச்சு."

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு அண்ணா?"

"நேத்துதான் அவளா வாயைத் திறந்து, 'மாமா, நான் ஒரு டாக்டரைப் பாக்கணும், கூட வர்றீங்களா'ன்னு கேட்டா."