கர்னலின் வாக்குமூலம்

வனத்துறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தும் சீனிவாசராகவன் ஒரு குற்றவாளியைக்கூடப் பிடித்ததில்லை. வெளிநாட்டுப் பிராணி வளர்க்கிறவர்கள் ஒழுங்காகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று வீடு வீடாகப் போய் டிக் அடிப்பதுதான் வேலை. அதிலும் பாதி வீடுகளில் நாய் துரத்தும். நாய்க்கு அவர் துறையில் படிவம் கிடையாது.

அன்றைக்குத் தொம்மலூரில் ஒரு பழைய வீடு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று, பெயர் கர்னல், உரிமையாளர் தியோடர். கதவைத் திறந்தது அவர் மனைவி மௌரீன்.

“அவரு ஓசூர் போயிருக்காரு சார். வர நாளாகும்.”

மேஜைமேல் தியோடரின் கண்ணாடியும் செல்போனும் இருந்தன. கண்ணாடி இல்லாமல் மனிதர் எந்த போர்டைப் படித்து பஸ் ஏறினார் என்று சீனிவாசராகவன் யோசித்தார்.

கிளியைக் காட்டச் சொன்னார். இறகு உதிர்கிற நேரம், புது ஆளைப் பார்த்தால் மிரளும் என்று சொல்லி, உள் அறை மூலையில் தரை வரை பெட்ஷீட் போர்த்தியிருந்த பெரிய கூண்டை மௌரீன் தூரத்திலிருந்தே காட்டினாள்.

“கர்னல், சாருக்கு வணக்கம் சொல்லு.”

“வணக்கம் சார்,” என்றது கட்டைக் குரல்.

“அச்சு அசல் எங்க வீட்டுக்காரர் குரல்.”

சீனிவாசராகவன் டிக் அடித்தார். பிறகு வழக்கம்போல விதிகளை ஒப்பித்தார். விற்றால் சொல்ல வேண்டும், குஞ்சு பொரித்தால் சொல்ல வேண்டும், செத்தால் போஸ்ட்மார்ட்டம் சர்ட்டிபிகேட்டோடு சொல்ல வேண்டும், மறைத்தால் கேஸ். போஸ்ட்மார்ட்டம் என்றதும் மௌரீன் கையிலிருந்த டீ சாஸரில் கொட்டியது.

அப்போது கூண்டுப் பக்கமிருந்து முனகல் வந்தது.

“மௌரீன், மூச்சு முட்டுது. போதும், விட்டுடு.”

சீனிவாசராகவனின் பேனா நின்றது. கிளி தானாக எதையும் கற்பனை செய்யாது, காதில் விழுந்ததைத்தான் சொல்லும்.

ஜன்னல் வழியே பார்த்தார். கறிவேப்பிலை மரத்தடியில் புது மண்மேடு.

“அது ரோஜா பதியன் சார்.”

“ரோஜாவுக்கு எதுக்கும்மா சிலுவை?”

மௌரீன் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “செஞ்சது தப்புதான் சார். பொதைச்சிருக்கக் கூடாது.”

மேடு முழங்கை நீளம்தான் இருந்தது. ஆனால் சீனிவாசராகவன் தினமும் பேப்பர் படிக்கிறவர். முழு ஆளாகத்தான் புதைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

மௌரீனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய், திரும்ப வீட்டுக்குள் விடாமல் அங்கேயே நிறுத்திவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். அரை மணியில் கான்ஸ்டபிள் நாகேஷ் மண்வெட்டியோடு வந்தார். அதற்குள் சீனிவாசராகவன் இரண்டு தடவை தலை சீவியிருந்தார். பேப்பரில் போட்டோ போடுவார்களே.

“உள்ள போட்டுடுவாங்களா சார்?” என்று மௌரீன் கேட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கோர்ட் பார்த்துக்கொள்ளும் என்றார்.

ஓரடி ஆழத்தில் மண்வெட்டி எதிலோ தட்டியது. நாகேஷ் வெளியே எடுத்தது ஒரு ஷூ டப்பா. சீனிவாசராகவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தார்.

பெயர் பின்னிய தியோடரின் கர்ச்சீப்புக்குள், காலில் வளையத்தோடு, ஒரு சாம்பல் கிளி கண் மூடிக் கிடந்தது. வளையத்தில் இருந்த எண்ணும் படிவத்தில் இருந்த எண்ணும் ஒன்றுதான்.

“பதினேழு வருஷம் கூடவே இருந்தது சார்,” என்று மௌரீன் விசும்பினாள். “அதை அறுக்க விடமாட்டேன்னு அவரு ஒத்தக் கால்ல நின்னுட்டாரு.”

சீனிவாசராகவன் டப்பாவைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி வீட்டைப் பார்த்தார்.

உள் அறையில் கர்னல் கேட்டது: “மௌரீன், அந்தாளு போயிட்டானா? எனக்குக் கால் மரத்துப் போச்சு.”