பாட்டரியைக் குடித்தது யார்?

ஆடி அமாவாசையன்று கும்பகோணம் காவிரிக் கரைக்கு வருகிறவர்களுக்கு முன்னோர் நினைப்பு வரும். கரைக்கு எதிரே பாட்டரிக் கடை வைத்திருக்கும் செழியனுக்கு வியாபார நினைப்பு வரும்.

விடியலில் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அவசரத்தில் எதையாவது அணைக்க மறந்து படித்துறைக்கு ஓடுவார்கள். இந்தக் காலத்துக் கார் கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் கத்தும், பெல்ட் போடாவிட்டால் கத்தும். பாட்டரி இறங்கும்போது மட்டும் வாயைத் திறக்காது.

அதனால் கார்கள் நிற்கும் கரையோரத் தென்னந்தோப்பில், மீட்டரும் பூஸ்டருமாக மொபெட்டில் வலம் வந்துகொண்டிருந்தார் செழியன்.

"தம்பி, இங்க கொஞ்சம் வாங்கோ!"

புத்தம்புது வெள்ளைக் கார். பக்கத்தில் பட்டுப்புடவையில் மாதங்கி மாமி. ஸ்டியரிங் முன்னால் அவர் கணவர் நாகேஸ்வரன், பட்டனை அழுத்தி அழுத்தி வியர்த்துக்கொண்டிருந்தார். கார் 'டிக் டிக்' என்றதே தவிர, கிளம்பவில்லை.

"பாட்டரி டவுன் மாமி" என்றார் செழியன், வண்டியிலிருந்து இறங்காமலே.

மாமியின் புருவம் ஏறியது. "வாசல்லயே ஆபரேஷன்னு சொல்ற டாக்டர் மாதிரின்னா இருக்கு! பாட்டரிக்காரா நல்ல பாட்டரியைக் கழட்டிண்டு பழசை மாட்டி விடறாளாம். வாட்ஸ்அப்புல வந்துடுத்து. நாங்க ராகு காலத்துக்கு முன்னாடி கிளம்பணும். நடுவுல எங்கயும் நிக்காம மெட்ராஸ் போய்ச் சேரணும். அவசரத்துல இருக்காளேன்னு எங்க தலையில எதையும் கட்டிடாதீங்கோ."

"உங்க கண்ணு முன்னாடியே டெஸ்ட் பண்றேன் மாமி. சார், பானட்டைத் திறங்க."

நாகேஸ்வரன் காலடியில் துழாவினார். பெட்ரோல் மூடி திறந்தது. மறுபடி துழாவினார். டிக்கி திறந்தது.

"பையன் வாங்கிக் குடுத்த வண்டி. இன்னும் கை பழகல" என்று அசடு வழிந்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷமாச்சு, ஆத்துல காப்பிப்பொடி எங்க இருக்குன்னே இன்னும் பழகல" என்றார் மாமி.

ஒருவழியாக பானட் திறந்தது. செழியன் கிளிப்புகளை மாட்டி மீட்டரைத் திருப்பிக் காட்டினார். "சார்ஜ் இறங்கியிருக்கு, அவ்வளவுதான். பாட்டரி நல்லாத்தான் இருக்கு. மாத்த வேண்டாம்."

சண்டைக்குத் தயாராக வந்த மாமிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பூஸ்டரைக் கொடுத்ததும் கார் உயிர் பெற்றது.

"ஓடறச்சே சார்ஜ் ஏறறதா? பாதி வழியில நின்னுட்டா?"

"எப்ப எவ்வளவு சார்ஜ் போடணும்னு இந்த வண்டியில கம்ப்யூட்டரே முடிவு பண்ணும் மாமி. வேலை குடுத்தாத்தான் அதோட உண்மை தெரியும். சார், ஹெட்லைட், ஏசி எல்லாத்தையும் போடுங்க."

போட்டார். மீட்டரில் எண் கொஞ்சம் தடுமாறி நிமிர்ந்து நின்றது. "சார்ஜ் போடற ஆல்டர்னேட்டரும் நல்லா இருக்கு."

"பாட்டரி நல்லா இருக்கு, சார்ஜும் ஏறறது. அப்போ யார்தான் குடிச்சா?" மாமி விடுவதாக இல்லை.

கேள்வி நியாயமானது. செழியனுக்கும் சூடு பிடித்துவிட்டது. எஞ்சினை அணைத்து, கதவைப் பூட்டச் சொல்லி, பாட்டரி ஒயரில் கரண்ட் மீட்டரை மாட்டினார்.

"இப்ப வண்டி முழுக்கத் தூங்கணும். கொஞ்ச நேரம் ஆகும்."

"இவரைப் பாத்துக் கத்துக்கச் சொல்லுங்கோ. உக்காந்தாலே தூங்கிடுவார்."

கார் தூங்கியது. ஆனால் எதுவோ ஒன்று தூங்காமல் கரண்டை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. செழியன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியோடு வெளியே வந்தார்.

"ஜிபிஎஸ் மாமி. வண்டி எங்க நிக்குது, எங்க போகுதுன்னு போன்ல காட்டும். யாரோ மட்டமா மாட்டியிருக்காங்க, அதான் ராத்திரி பகலா குடிக்குது. ஆனா தேவையான சாமான்தான். ஒயரை ஒழுங்குபண்ணி மறுபடி மாட்டித் தரட்டுமா?"

மாமியும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன்னா, இது உங்க மாட்டுப்பொண் வேலை!" மாமி வெடித்தார். "பெங்களூர்ல உக்காந்துண்டு, நாம எந்தக் கோயிலுக்குப் போறோம், எந்த நாத்தனார் ஆத்துல சாப்பிடறோம்னு வேவு பாத்துண்டிருக்கா! முதல்ல அதைக் கழட்டுங்கோ தம்பி!"

செழியனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒயரைத் துண்டித்து, டேப் சுற்றி, பெட்டியைக் கையில் கொடுத்தார். நாகேஸ்வரன் அதைக் காருக்கு மூன்று முறை திருஷ்டி சுற்றி, ஓடுகிற காவிரியில் வீசினார்.

"விட்டது கிரகம்!"

செழியன் மறுபடி பூஸ்டர் கொடுத்துக் காரைக் கிளப்பினார். கூலி எவ்வளவு என்றதற்கு ஒரு தொகை சொன்னார். மாமி பழக்கதோஷத்தில் பாதி கேட்டார். பிறகு என்ன தோன்றியதோ, தடித்த தோல் பர்ஸைத் திறந்து, சொன்னதற்கு மேலேயே கொடுத்தார்.

"இந்தக் காலத்துல யாரை நம்பறது, யாரை விடறதுன்னே தெரியல. நீங்க நன்னா இருக்கணும் தம்பி."

"பாட்டரி நல்லா ஏறட்டும் சார். நடுவுல வண்டியை நிறுத்தாதீங்க."

"நிறுத்தவே மாட்டோம்!" என்றார் நாகேஸ்வரன், அன்றைக்கு முதல்முறையாக உற்சாகமாக.

கார் மெட்ராஸ் சாலையில் திரும்பி மறைந்தது. நேர்மையாகச் சம்பாதித்த நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் வைத்தார் செழியன்.

அங்கே படித்துறையில், தர்ப்பணம் முடியும்வரை நடுவில் எழுந்திருக்கக்கூடாது என்று புரோகிதர் சொன்னதைத் தட்டாமல் உட்கார்ந்திருந்த ஒருவர், ஒருவழியாக எழுந்து, தன் சட்டையையும் பையையும் கார் சாவியையும் "கொஞ்சம் பாத்துக்கோங்கோ" என்று நம்பி ஒப்படைத்திருந்த வயதான தம்பதியை ஈரவேட்டியோடு தேட ஆரம்பித்தார்.